லொறி ஏறிய ரோதமுனி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யார் தலையில் அடித்துச் சொல்வது என்பதில்தான் கொஞ்சம் யோசனை. பெண்டாட்டி தலையில் அடிக்கலாம் என்றால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் தலையில் அடிக்கலாம் என்றால் அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், கை எட்டாது. ஆகவே என் தலையிலேயே அடித்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் என் வாயில் மிஞ்சியிருக்கிற பற்கள், எழுதி முடிப்பதற்குள் உதிர்ந்துவிடட்டும். இருப்பதே கொஞ்சம். அதையும் பணயம் வைக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் லிந்துலையிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய தோட்டம். பெயர் தொப்பித்தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை குதிரையில் வந்து உச்சியில் நின்று பார்த்தபோது காற்று அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கள் மலையில் காற்று ஒன்றைத் தூக்கினால் லேசில் இறக்காது. அந்தத் தொப்பி இன்னும் இறங்கவில்லை. மழைக்காலத்தில் சில நாள் கொழுந்துமலைக்கு மேலே அது போவதை நானே பார்த்திருக்கிறேன். முன்னை மாதிரி இல்லை, கொஞ்சம் சாயம் போயிருக்கிறது.

தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு பழைய ஸ்டோர் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். கொழுந்தையெல்லாம் கீழே உள்ள பெரிய ஸ்டோருக்கு அனுப்பத் தொடங்கியதும் இதை மூடிவிட்டார்கள். மூடிய ஸ்டோருக்குக் காவல்காரன் நான், பொன்னையா. உள்ளே இருந்த மெசின்கள் ஒவ்வொன்றும் யானைக்குட்டி அளவு. அவற்றை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்ப்பது என் வேலை. எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்றால், அத்தனை வருடத்தில் ஒரு ரோலரைக்கூட யாரும் மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை.

ஸ்டோருக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் ரோதை இருந்தது. ரோதை என்றால் சக்கரம். இரண்டு ஆள் உயரம், முழு இரும்பு. அது சுற்றினால் மெசின்களை ஓட்டுகிற தோல்பட்டி சுற்றும், பட்டி சுற்றினால் ஸ்டோர் முழுவதும் சுற்றும். அந்த ரோதைக்குள் ஒரு முனி குடியிருக்கிறார். ரோதமுனி. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோதைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, முனியிடம் கேட்டுவிட்டுத்தான் மெசினைப் போடுவார்கள். கேட்காமல் போட்டால் பட்டி அறுந்து ஆளை அடிக்கும். மற்றத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார்கூட அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்களாம். எங்கள் துரைக்குக் கழற்றத் தொப்பி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ரோதைக்கு எண்ணெய் விடுகிற வேலை அழகுமுத்துவுக்கு. அவருடைய பெண்டாட்டி சண்முகவடிவு மலையில் கொழுந்தெடுக்கிறவள். அவர்களும் நாங்களும் ஒரே லயம், ஒரே நீளக் கூரைக்குக் கீழே அடுத்தடுத்த காம்பரா. லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. மேலே இருக்கிற இடைவெளி வழியாக ஒரு வீட்டு இருமல் எல்லா வீட்டுக்கும் போகும். எங்கள் லயத்தில் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்தக் கோடியில் ஒருத்தி குழம்புக்கு இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போடுவோமா என்று மனதில் நினைத்தாலே அந்தக் கோடியில் ஒருவன் தும்முவான். இப்படிப்பட்ட இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போய்ப் பேசுவது? மற்றவர்கள் பேசாமலே குடும்பம் நடத்திவிட்டோம். அழகுமுத்துவும் சண்முகவடிவும் மட்டும் ரோதையடிக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஸ்டோருக்குக் கொழுந்து நிறுக்க வருகிறவள், நிறுத்துப் போட்டுவிட்டு அப்படியே பின்பக்கம் போவாள். ரோதை சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. தான் பேசுவதே தனக்குக் கேட்காது. அதனால் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசினார்கள். சண்டை போட்டாலும் அங்கேதான். அவர் சொன்னது இவளுக்குக் கேட்கவில்லை, இவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேருமே ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் பஞ்சாயத்துக்கு வராத ஒரே குடும்பம் அதுதான்.

ஸ்டோர் மூடிய வருடமே அழகுமுத்து நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். அவரைப் புதைத்த மேட்டில் கம்பனி பிறகு தேயிலைக் கன்று வைத்தது. எந்தச் செடிக்குக் கீழே இருக்கிறார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. போட்டோ என்று ஒன்று எடுத்ததில்லை. சண்முகவடிவுக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றால் போக ஒரே இடம் ரோதையடிதான். வெள்ளிக்கிழமை தோறும் வந்து விளக்கு வைத்துவிட்டு, அந்த வாரத்துச் சங்கதியை எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. ரோதை நின்றுவிட்டதால் சத்தம் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க அங்கிட்டு நின்னா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது.”

காவலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டேன்.

“போகவேணாம். எதையாச்சும் தட்டிக்கிட்டு இருங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தகரத்தையும் ஒரு கம்பித்துண்டையும் எடுத்துக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்து தட்டினேன். அவள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வரும்வரை தட்டுவேன். ஒரு தடவை காற்று அந்தப் பக்கம் அடித்ததில், மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாலியை முகூர்த்தத்துக்கு முன்பே கட்டிவிட்டார்கள். அந்தக் குடும்பம் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்டோர் இருந்த இடத்தைத் துப்புரவாக்கி வெறும் நிலமாகக் கொடுக்கச் சொல்லிக் கம்பனி முடிவெடுத்தது. ஹட்டனில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற விஜிதரன் வந்தார். பேச்சு இதுதான்: ஸ்டோரில் இருக்கிற இரும்பு எல்லாம் அவருக்கு. அதற்குப் பதிலாக இடிந்த சுவர், கல், உடைந்த ஓடு, கண்ணாடி எல்லாவற்றையும் அவர் அள்ளி நிலத்தை மட்டமாக்கிக் கொடுக்கவேண்டும். மழை பிடிப்பதற்குள் முடித்துவிடவேண்டும், பிடித்துவிட்டால் எங்கள் பாதையில் லொறி ஏறாது. கடைசி இரும்பு தோட்டத்து எல்லையைத் தாண்டும்வரை காவல்காரன் கூடவே போகவேண்டும் என்று எனக்கு உத்தரவு. யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் அத்தனை வருடம் பார்த்தவன், எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

விஜிதரனைக் குறை சொல்லமாட்டேன். இளவயது, மரியாதை தெரிந்தவர். தன் ஆட்களோடு சேர்ந்து தானும் கல் தூக்குவார், சாப்பிடும்போது என்னையும் கூப்பிடுவார். லொறி ஓட்டுகிறவர் சுமணபால, கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள ஆள். எங்கள் தமிழை எங்களைவிட மெதுவாகப் பேசுவார்.

முதலில் ரோலர்களைக் கழற்றினார்கள். பிறகு கொழுந்து வாட்டுகிற தட்டுகள், பிறகு அடுப்பு. அடுப்பை எடுத்துவிட்டுத் தரையை உடைத்தபோதுதான் கீழே அத்தனை காலமாக இறங்கிக் கிடந்த தேயிலைத் தூசி வெளியே வந்தது. ஒரு குன்று அளவு. அன்றைக்குப் பார்த்து ஒரு மழை. அடுப்புக் கல்லில் இன்னும் பழைய சூடு இருந்திருக்கவேண்டும், மழைத்தண்ணீர் அதில் பட்டுக் கொதித்து, தூசியில் இறங்கி, ஓடையில் சேர்ந்து கீழே போனது. நல்ல சாயம். லிந்துலையில் சனங்கள் பாலத்தடியில் கோப்பையோடு நின்றார்கள். அன்றைக்குக் கடைகளில் சீனி மட்டும்தான் விற்றது. கொஞ்சம் துவர்ப்பு என்று சிலர் குறைப்பட்டார்கள். அது பழைய தேயிலை, அப்படித்தான் இருக்கும்.

கொட்டகையைப் பிரித்து ரோதையை வெளியே காட்டிய அன்றுதான் சண்முகவடிவுக்குச் சங்கதி விளங்கியது. அதுவரை மெசினை எடுப்பார்கள், முனியை எடுப்பார்களா என்று இருந்துவிட்டாள். கூடையோடு மலையிலிருந்து நேரே இறங்கி விஜிதரனிடம் வந்தாள். இதை மட்டும் விட்டுவிட்டுப் போகும்படி கேட்டாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு விளக்கினார். ரோலரும் தட்டும் விற்றால் டீசலுக்கும் ஆட்களின் கூலிக்குமே சரியாகிவிடும், கல்லும் மண்ணும் அள்ளுகிற செலவு முழுவதும் இந்த ஒரு ரோதையில்தான் இருக்கிறது, இது இல்லையென்றால் தான் இந்த மலைக்கு வந்திருக்கவே முடியாது என்றார். உண்மைதான். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

“வேணும்னா ஓரத்துல ஒரு துண்டு வெட்டித் தாரேன் பெரியம்மா. வீட்டுல வச்சுக் கும்புடுங்க.”

“ஒங்க அப்பா செத்தப்ப ஒங்கம்மாவுக்கு ஒரு விரலை வெட்டிக் குடுத்தீங்களா தம்பி?”

விஜிதரன் அதற்குப் பிறகு துண்டு வெட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. அவள் திரும்பிப் போய்க் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஒரு சுளகில் குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம், சுருட்டு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். முனியை இடம் பெயர்க்கிறவர்தான் அதன்பிறகு முனிக்குப் பொறுப்பு. அது எங்கள் தோட்டத்து முறை. ஆகவே விஜிதரனிடம் பொறுப்பை ஒப்படைக்க வந்திருந்தாள். பயம் காட்டுவதற்குச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற தாய் விடுதிக்காரரிடம் சொல்லுவாளே, அந்த மாதிரிதான் சொன்னாள்.

“கெழக்க பாத்து வைங்க. வெள்ளிக்கிழமை சேவல் குடுக்கணும், கருஞ்சேவல். கடையில விக்கிற புரொய்லரைக் குடுத்தா கோவிச்சுக்கிருவாரு.”

“சரிங்க பெரியம்மா.”

“சுருட்டு, சாராயம், அவிச்ச முட்டை. முட்டை சூடா இருக்கணும். ஒங்க வீட்டுல யாரு சமைக்கிறது?”

“பெண்சாதிதான்.”

“பாவம்,” என்றாள் சண்முகவடிவு.

பக்கத்தில் நின்ற சுமணபால இதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். பிறகு ஒரு துணிக்கிழிசலில் நாணயம் ஒன்றை முடிந்து, எங்கள் முனியிடம் தன்னுடைய முறைப்படி நேர்ந்துகொண்டு, லொறிக் கண்ணாடியில் கட்டினார். முனிக்குச் சிங்களம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தோட்டத்தில் இத்தனை காலம் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்றேன்.

இனிமேல் வருவதைக் கவனமாகப் படியுங்கள். இவ்வளவு நேரமும் சொன்னதை நீங்கள் நம்பியிருப்பீர்கள். இதையும் நம்பவேண்டும்.

முதலில் ரோதையைக் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டப் பார்த்தார்கள். நெருப்பு இரும்பின் பக்கத்தில் போனதும், பெரிய மனிதரைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி வளைந்து, ரோதையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் சுளகில் இருந்த சுருட்டு பற்றிக்கொண்டது. பற்றியது மட்டும் இல்லை, ஒரே சீராக அடிவரைக்கும் எரிந்து முடிந்தது. இழுக்கிற ஆள் இல்லாமல் ஒரு சுருட்டு அப்படி எரியாது என்பது சுருட்டுக் குடிக்கிறவர்களுக்குத் தெரியும். விஜிதரன் கட்டரை அணைத்து வைத்துவிட்டு, முழுசாகவே ஏற்றுவோம் என்றார்.

செயினும் பலகையும் போட்டு ஏற்றினார்கள். அது ஒன்றும் சிரமமாக இல்லை. முனி ஊர் பார்க்கிற ஆசையில் இருந்திருப்பார் போல, காலை மடக்கிக்கொண்டு ஏறுகிற ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்தபிறகுதான் தன் எடையைக் காட்டினார். லொறியின் முன்சக்கரம் இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பின. சுமணபால அந்த நிலையிலேயே ஓட்டினார். பாதை தெரியாது, ஆகாயம்தான் தெரியும். மேகத்தைப் பார்த்து வளைவு கணித்து ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே போன தொப்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொன்னேன்.

காலையில் புறப்பட்டோம். மூடுபனி கட்டியாக இறங்கியது. வளைவுக்கு மேல் வளைவாக இறங்கினோம். இறக்கத்தைத் தவிர ஏற்றம் ஒன்று கிடையாது, அதற்கு நான் சாட்சி. மத்தியானம் பனி விலகியதும் லிந்துலை வந்துவிட்டது என்று இறங்கிப் பார்த்தால், ஸ்டோர் வாசலில் நிற்கிறோம். சண்முகவடிவு அங்கே வெறும் கொட்டகைத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“சாப்பிட்டுப் போகலாம்னு வந்தீங்களாக்கும்,” என்றாள்.

எங்கள் மலையில் பாதைகள் பனியில் புரண்டு படுக்கிறது உண்டு. தலைப்பக்கம் கால்பக்கம் ஆகிவிடும். நாங்கள் இறங்கியது சரிதான், பாதைதான் மாறிவிட்டது என்று விஜிதரனுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நேரே சண்முகவடிவிடம் போய், முனியை நீங்களே கூடவந்து ஹட்டனில் இறக்கிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். அவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் உட்காரச் சொன்னார் சுமணபால. மாட்டேன் என்று பின்னால் ஏறி ரோதையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். விஜிதரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். நானும் இந்தத் தடவை பின்னால்தான்.

லொறி உறுமிக்கொண்டு இறங்கியது. பழைய எஞ்சின், அதோடு பலகையும் செயினும் ஆடுகிற ஆட்டம். பக்கத்தில் நிற்கிறவர் பேசினால் கேட்காது. கொஞ்ச தூரம் போனதும் சண்முகவடிவு ரோதைப்பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. ஸ்டோர் ஓடிய காலத்தில் சாயங்காலங்களில் தூரத்திலிருந்து பார்த்த அதே அசைவு. கையை நீட்டினாள், மடக்கினாள், ஒரு தடவை விரலைக் காட்டி அதட்டினாள், ஒரு தடவை சிரித்தாள். விஜிதரன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

பிள்ளையார் கோயில் வளைவில் சுமணபால கியர் மாற்றப்போக, எஞ்சின் நின்றுவிட்டது.

சட்டென்று ஒரு சத்தமும் இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. குரலைக் குறைக்கவும் இல்லை. என் கையில் தகரம் இல்லை.

“ஒங்க தலகாணிய நான் எடுத்துக்கிட்டேன். என்னோடது பஞ்சு போயிருச்சு. கோவிச்சுக்கிறாதீங்க. அட்டனுக்கு நான் எப்பிடி வர்றது? வெள்ளிக்கிழமை வேல முடிஞ்சு பேரு போட்டுட்டு எறங்கி வந்தா பஸ்ஸும் இல்ல. நீங்கதான் எப்பிடியாச்சும் வரணும். வழி தெரியலன்னா இந்தத் தம்பிக்கிட்டக் கேளுங்க. நல்ல புள்ள.”

அப்போதுதான் அவளுக்குத் தன் குரல் கேட்டது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். விஜிதரன் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சுமணபாலவும் சாவியைத் திருப்பவில்லை. இப்படி எவ்வளவு நேரம் நின்றோமோ, வளைவுக்கு வந்த ஒரு நாய் எங்களைப் பார்த்துவிட்டுக் குரைக்காமல் போய்விட்டது.

கயிற்றை அவிழ்த்தது விஜிதரன்தான். முனி தானாகவே அவிழ்த்துக்கொண்டார் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அது பொய். நடந்ததை மட்டும் எழுதுகிறவன் நான். விஜிதரன் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார், செயினைக் கழற்றினார், பின்பலகையை இறக்கினார்.

ரோதை மெதுவாக எழும்பி, பலகையில் உருண்டு, பாதையில் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டது. பிறகு மேலே திரும்பி ஏறத் தொடங்கியது. அவசரம் இல்லாத ஏற்றம், தலையில் கொழுந்து மூட்டை வைத்துக்கொண்டு நடக்கிற நிதானம். எதிரே கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் வரிசையாக வந்தபோது ஓரம் ஒதுங்கி நின்று அவர்களை விட்டது. அடுத்த வளைவில் பஸ் வந்தது. பின்னால் கொஞ்சம் போய் இடம் கொடுத்தது. கொண்டக்டர் கையைக் காட்டி நன்றி சொன்னார். வளைவுகளில் ஹோர்ன் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

சண்முகவடிவு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். நாங்கள் மூன்று பேரும் அவளுக்குப் பின்னால். ஏற்றத்தில் ஓரிடத்தில் அவளுக்கு இளைத்தது.

“நில்லுங்களேன். எனக்கு மூச்சு வாங்குது.”

ரோதை நின்றது. அவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். நாங்கள் கொஞ்சம் பிந்தி நடந்தோம். புருஷனும் பெண்டாட்டியும் போகிற இடத்தில் ஒட்டிக்கொண்டு போவது அழகில்லை.

ஸ்டோர் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் கொட்டகை இல்லை, வெறும் தரை. ரோதை அங்கே ஒரு சுற்றுச் சுற்றி யோசித்தது. பிறகு எங்கள் லயத்துப் பக்கமாக இறங்கி, தண்ணீர்ப் பீலிக்கு மேலே, சபுக்கு மரத்தடியில், கிழக்கே பார்த்து நின்றுகொண்டது. அதற்குமேல் அசையவில்லை. அசைக்கவும் யாரும் போகவில்லை.

விஜிதரன் அதன் பக்கத்தில் போய் இரும்பைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை மாதிரி ஈரம். பிறகு என்னிடம் வந்தார்.

“கம்பனிக்கு என்னங்க பெரியவரே சொல்றது?”

“எறக்கி எடத்துல வச்சாச்சுன்னு சொல்லுங்க. எந்த எடம்னு கேக்கமாட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. நஷ்டம் அவருக்குத்தானே. ஆனாலும் மிச்சக் கல்லையும் ஓடுகளையும் அள்ளி நிலத்தைச் சொன்னபடி மட்டமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மழை பிடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டார். மழையும் அவருக்காகக் கொஞ்சம் பொறுத்தது, பக்கத்துத் தோட்டத்தில் பெய்துகொண்டு எங்கள் எல்லையில் காத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைசி லொறி எல்லையைத் தாண்டியதும் அது உள்ளே வந்தது.

இப்போது சபுக்கு மரத்தடியில் நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. உள்ளே ரோதை, நடுவில் பெரிய குங்குமப்பொட்டு. ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு ரோதை ஏறிவந்த தடத்தைப் பாதையோரத்தில் காட்டுகிறேன். அது மழைத்தண்ணீர் ஓடுகிற கான் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லுகிறார்கள். ஆபீசில் இருக்கிறவர்கள் மழைக்கு வெளியே வருகிறவர்களா என்ன?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பேரு போட்டதும் சண்முகவடிவு நேரே அங்கே வருவாள். கோயில் லயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் முன்னைவிட வசதி, ஹட்டனுக்குப் பஸ் பிடிக்கவும் தேவையில்லை. வசதி ஒன்று வந்தால் தொல்லையும் வருமே, இங்கே பேசினால் எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். ஆகவே நான் பீலிப்பக்கம் உட்கார்ந்து தகரம் தட்டுகிறேன். என் கை ஓய்ந்தால் லயத்தில் யாராவது தட்டுகிறார்கள். குழந்தைகள் கிண்ணத்தைத் தட்டுகிறார்கள், பெண்கள் சட்டியைத் தட்டுகிறார்கள். ஒருவரும் எதற்கென்று கேட்பதில்லை. சுமணபால இந்தப் பக்கம் லோடு கொண்டுவந்தால் லொறியை நிறுத்தாமல் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு இருப்பார். உள்ளே அவள் உதடு அசைகிறது, கை நீள்கிறது, சில நாள் சண்டையும் நடக்கிறது. போன வாரம் அவள்தான் ஜெயித்தாள் என்று நினைக்கிறேன், வரும்போது முகம் அப்படி இருந்தது.

கோயிலுக்குள் இருக்கிற ரோதை சீமெந்தில் செய்தது. இரும்பு ரோதை ஹட்டனுக்குப் போனபிறகு, சீமெந்தையும் மணலையும் அங்கிருந்து தன் லொறியில் ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தவர் விஜிதரன்.